வியூக மேலாண்மைக் கல்வி: எதைச் செய்வது, எதை விடுவது

(மேலாண்மை மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சென்ற தலைமுறையில், தேர்வில் தேறிய மகனுக்கும் மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும் கைக்கடிகாரம் அளிப்பது வழக்கமாக இருந்தது. நம் நாட்டில் அவ்வாறு அளிக்கப்பட்ட கடிகாரங்களில் மிகப் பலவற்றின் முகப்பில் எச்.எம்.டி. என்ற மூன்று எழுத்துகள் காணப்பட்டன. இயந்திரக் கருவிகள் செய்வதற்காக 1953-ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்ட இப்பொதுத்துறை நிறுவனம், 1961-இல் ஜப்பானைச் சேர்ந்த சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் கைக்கடிகாரத் தொழிலில் இறங்கியது. அதன் தயாரிப்புகளுக்கு மக்களிடையே பெருமதிப்பு இருந்தது. தேவை உற்பத்தியை விஞ்சி நின்றது. பொறியாளர்கள் திறமை மிக்கவர்கள். தொழிலாளர்கள் நுண்ணிய வேலைப்பாட்டில் கைதேர்ந்தவர்கள். ஆயினும் 2016-ஆம் ஆண்டு ஜனவரியில், இக்குழுமத்தின் கடிகார நிறுவனத்தை மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

இடைப்பட்ட காலத்தில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. 1984-ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. பெங்களூரிலிருந்து நாற்பது கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. 1980-களின் முடிவிற்குள் அதன் குவார்ட்ஸ் கடிகாரங்கள் நகர்ப்புறச் சந்தையில் வலுவாகக் காலூன்றிவிட்டன.

ஒரே நாடு, ஒரே மக்கள், ஏறத்தாழ ஒரே வட்டாரம். ஒன்று தளர்ந்து மறைந்தது. மற்றொன்று வளர்ந்து நிலைத்தது. இதற்குக் காரணம் யாது? எச்.எம்.டி.யில் திட்டங்கள் இல்லாமலில்லை. உற்பத்திப் பிரிவுக்கு இலக்கு இருந்தது; கணக்குப் பிரிவு கணக்கைச் சரியாக வைத்திருந்தது; விற்பனைப் பிரிவு கையிருப்பை விற்றுக் கொண்டிருந்தது. ஒவ்வொரு பிரிவும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கையில் முழு நிறுவனமும் தவறான திசையில் செல்லுதல் கூடும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். அந்தத் திசையைப் பற்றிய கல்விக்குத்தான் வியூக மேலாண்மை என்று பெயர். முதுநிலை மேலாண்மைப் பட்டப் படிப்பில் இப்பாடம் பெறும் இடத்தையும், நாட்டின் வளர்ச்சிப் பணிக்கு அது எவ்வாறு பயன்படக்கூடும் என்பதையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

பாடம் பிறந்த வரலாறு

வியூகம் என்னும் சொல் போர்க்களத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லும் படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. வணிகக் கல்வியில் இக்கருத்து வேறொரு பெயரில் நுழைந்தது. 1908-இல் தொடங்கப்பெற்ற ஹார்வர்டு வணிகப் பள்ளியில், 1912-ஆம் ஆண்டையொட்டி ‘வணிகக் கொள்கை’ என்ற பாடம் கற்பிக்கப்படலாயிற்று. கணக்கியல், உற்பத்தி, விற்பனை எனத் தனித்தனியே கற்றவற்றை மாணவர் ஒன்றிணைத்து, தலைமை நிர்வாகியின் இருக்கையிலிருந்து நோக்குமாறு பழக்குவது அதன் குறிக்கோள். 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் வெளிவந்த கோர்டன்–ஹோவெல் அறிக்கை, இத்தகைய ஒருங்கிணைப்புப் பாடம் ஒவ்வொரு வணிகப் பள்ளியிலும் படிப்பின் முடிவில் இடம்பெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கோபுரத்திற்குக் கலசம் போன்றது இப்பாடம் என்பது அவ்வறிக்கையின் கருத்து எனலாம்.

1960-களில் இத்துறைக்கு ஆய்வு அடித்தளம் அமைந்தது. வரலாற்றறிஞர் ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962-இல் வெளியிட்ட நூலில் டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டாண்டர்டு ஆயில், சியர்ஸ் ஆகிய நான்கு அமெரிக்க நிறுவனங்களின் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்தார். வெடிமருந்து செய்துவந்த டூபாண்ட், முதல் உலகப் போருக்குப்பின் வண்ணப்பூச்சு முதலிய புதிய தொழில்களில் இறங்கியது. ஆனால், ஒரே பொருளுக்கென அமைந்த பழைய நிர்வாக அமைப்பால் பல பொருள்களின் சுமையைத் தாங்க இயலவில்லை. 1921-இல் பொருள்வாரியாகத் தனிப்பிரிவுகள் அமைத்த பின்னரே அந்நிறுவனம் நிலைபெற்றது. வியூகம் மாறினால் அமைப்பும் அதற்கேற்ப மாறியாக வேண்டும் என்பது சாண்ட்லர் கண்ட முடிவு. புதிய திட்டங்களைப் பழைய அலுவலக அமைப்பின் மீது ஏற்றி வைத்துப் பயன் கிட்டவில்லையே என வருந்தும் எவரும் இம்முடிவைச் சிந்தித்தல் நலம்.

1965-இல் இகோர் ஆன்சாஃப் நிறுவன வியூகம் பற்றிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ஹார்வர்டு ஆசிரியர்கள் வெளியிட்ட பாடநூல், நிறுவனத்தின் வலிமை, குறை ஆகியவற்றைச் சூழலின் வாய்ப்பு, இடர் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கும் முறையைப் பரப்பியது. 1970-களின் இறுதியில் ‘வணிகக் கொள்கை’ என்ற பழைய பெயர் பின்தள்ளப்பட்டு, ‘வியூக மேலாண்மை’ என்ற பெயர் நிலைபெறத் தொடங்கிற்று. 1980-இல் மைக்கேல் போர்ட்டர், தொழில் அமைப்புப் பொருளாதாரத்தின் கருத்துகளை மேலாண்மை மாணவருக்குரிய கருவிகளாக மாற்றிக் கொடுத்தார். ஒரு தொழிலில் ஈட்டப்படும் இலாபத்தை ஏற்கெனவே உள்ள போட்டியாளர், புதிதாக நுழையக்கூடியவர், மாற்றுப் பொருள்கள், வாங்குவோர், மூலப்பொருள் வழங்குவோர் ஆகிய ஐந்து சக்திகள் நிர்ணயிக்கின்றன என்பது அவரது விளக்கம்.

இத்துறையில் தமிழ் மண்ணில் தோன்றிய ஒருவருக்கும் தனியிடம் உண்டு. 1941-இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியிலும் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் பயின்ற சி. கே. பிரகலாத், கேரி ஹேமலுடன் இணைந்து 1990-இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. நிறுவனத்தை அவர்கள் ஒரு மரத்திற்கு ஒப்பிட்டனர். சந்தையில் காணப்படும் பொருள்கள் இலைகளும் கனிகளும். கண்ணுக்குப் புலப்படாத வேரே அதன் அடிப்படைத் திறன். இலைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவன் மரத்தின் வலிமையை அறியமாட்டான்.

இந்தியாவில் இக்கல்வி

விடுதலைக்குப்பின் தொழில்மயமாதல் விரைவு பெற்றபோது, பெரிய ஆலைகளை நடத்தத் தக்கவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற வினா எழுந்தது. 1961-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கப்பட்டன. முன்னதற்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்லோன் பள்ளியும், பின்னதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியும் துணை நின்றன. 1973-இல் பெங்களூரிலும் 1984-இல் இலக்னோவிலும் கழகங்கள் ஏற்பட்டன. 2011-இல் திருச்சிராப்பள்ளியில் ஒன்று அமைந்தது. இன்று நாட்டில் இவை இருபதுக்கும் மேற்பட்டவை. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை இக்கழகங்கள் முதுநிலைப் பட்டயமே அளித்துவந்தன. அதன்பின் பட்டம் வழங்கும் உரிமை பெற்றன.

இரண்டாண்டுப் படிப்பின் முதற்பகுதியில் பொருளாதாரம், கணக்கியல், புள்ளியியல், மனித நடத்தை, சந்தையியல், நிதி, உற்பத்தி ஆகியன கற்பிக்கப்படுகின்றன. இவற்றின் அடிப்படை அமைந்த பிறகே மாணவர் வியூக மேலாண்மைக்கு வருகின்றனர். அதுவரை அவர்கள் கற்ற பாடங்களில் பெரும்பாலான வினாக்களுக்கு ஒரு விடை உண்டு; இங்கே ஒவ்வொரு விடைக்கும் ஒரு விலை உண்டு. இம்மாற்றத்தை உணர்வதே இப்பாடத்தின் முதற்படி.

வகுப்பறையில் நிகழ்வது

இப்பாடம் பெரும்பாலும் நேர்வாய்வு முறையில் கற்பிக்கப்படுகிறது. ஒரு நிறுவனம் முக்கிய முடிவொன்றை எடுக்கவேண்டிய தருணத்தில் அதன் நிலையை விவரிக்கும் இருபது பக்க அளவிலான ஆவணம் மாணவரிடம் கொடுக்கப்படும். வரவுசெலவுப் பட்டியல்கள், சந்தை விவரங்கள், நிர்வாகிகளின் கருத்து வேறுபாடுகள் எல்லாம் அதில் இருக்கும்; முடிவு மட்டும் இராது. முதல் நாள் இரவு மாணவர் தனித்துப் படித்து, சிறு குழுக்களில் விவாதித்து, மறுநாள் வகுப்பில் தம் முடிவை நிலைநாட்ட வேண்டும். ஆசிரியர் விரிவுரை நிகழ்த்துவதில்லை, வினாக்களையே தொடுக்கிறார்.

தொடக்கத்தில் கூறிய கடிகார வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். “1982-ஆம் ஆண்டில் நீங்கள் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவின் தலைவர். என்ன செய்வீர்கள்?” என்று ஆசிரியர் கேட்பதாகக் கொள்வோம்.

“உடனே குவார்ட்ஸ் கடிகாரத்திற்கு மாறுவேன்” என்பார் ஒரு மாணவர். அந்நிறுவனமும் 1980-களின் தொடக்கத்திலேயே குவார்ட்ஸ் கடிகாரங்களை வெளியிட்டது என்பதை ஆசிரியர் நினைவூட்டுவார். தொழில்நுட்பம் தெரியாமையன்று சிக்கல். சாவி கொடுக்கும் கடிகாரங்கள் அப்போதும் நன்கு விற்பனையாகிக்கொண்டிருந்தன. விற்பனையாகும் பொருளைக் குறைத்து, இன்னும் சந்தை உறுதிப்படாத பொருளில் முதலீட்டைத் திருப்ப அமைச்சகம் இசையுமா? பற்சக்கரங்களை நுண்ணிதாகக் கடையப் பயின்ற தொழிலாளர்களுக்கு என்ன வேலை?

“அப்படியானால் இரண்டையும் செய்வேன்” என்பார் மற்றொருவர். முதலீடு எவ்வளவு இருக்கிறது, எத்தனை பொறியாளர்களை எதற்கு ஒதுக்குவீர், இரண்டில் எது முதன்மை எனத் தொடர்ந்து வினாக்கள் வரும். இரண்டையும் செய்வேன் என்ற விடை, பெரும்பாலும் முடிவைத் தள்ளிப்போடுவதற்கு இடப்படும் மறுபெயராகிவிடுகிறது.

மூன்றாமவர் வேறு கோணத்தில் நோக்குவார். அக்காலத்தில் கடத்தல் சரக்காக வந்த வெளிநாட்டுக் கடிகாரங்களை மக்கள் விரும்பி வாங்கினர். நேரம் காட்டும் கருவியாக மட்டும் இருந்த கடிகாரம், அழகுப் பொருளாகவும் பரிசுப் பொருளாகவும் மாறிக்கொண்டிருந்தது என்பதற்கு அது சான்று. டைட்டன் இதனை உணர்ந்தது. பல வடிவங்களில் கடிகாரங்களை உருவாக்கியது. தனி விற்பனை நிலையங்கள் திறந்தது. பரிசளிப்பதற்கெனவே விளம்பரம் செய்தது. ‘நம் தொழில் எது?’ என்ற வினாவிற்கு இரு நிறுவனங்களும் அளித்த விடைகள் வேறு. நுண்பொறிகளைச் செய்வது தம் தொழில் எனக் கருதிய நிறுவனத்திற்கு, அப்பொறித் திறனே பெருமையாகவும் பின்னர்ச் சுமையாகவும் ஆயிற்று. நேற்றைய வலிமை இன்றைய தடையாவதை மாணவர் கண்கூடாகக் காண்பது இவ்விடத்தில்தான்.

இவ்விவாதத்தின் முடிவில், அரசு நிறுவனம் தோற்றது, தனியார் நிறுவனம் வென்றது என்று எளிதாகச் சொல்லிவிடச் சிலர் முனைவர். அம்முடிவு பொருந்தாது. டைட்டனைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் மாநில அரசின் கழகமே. இன்றும் அக்கழகம் அந்நிறுவனத்தின் முதன்மைப் பங்குதாரர்களுள் ஒன்று. உரிமை யாரிடம் என்பதைக் காட்டிலும், முடிவெடுக்கும் பொறுப்பும் அதிகாரமும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தனவா என்பதே ஆழ்ந்த வினா. இதுவரை வந்த மாணவர் வியூக மேலாண்மையின் உட்பொருளைத் தொட்டுவிட்டார் எனலாம்.

கருவிகளும் அவற்றின் எல்லையும்

வலிமை–குறைப் பட்டியல், ஐந்து சக்திகள் போன்ற கருவிகள் மாணவருக்குப் பெரிதும் துணை செய்கின்றன. ஆனால் கட்டங்களை நிரப்புவதே வியூகம் என மயங்கும் இடர் இவற்றால் விளைகிறது. பத்து வலிமைகளையும் பத்துக் குறைகளையும் எழுதி அடிக்கோடிட்ட மாணவர், அவற்றில் எவ்விரண்டு முடிவை மாற்றவல்லவை என்று கேட்டால் திகைக்கிறார். பட்டியலிடுதல் எளிது, தேர்ந்தெடுத்தல் அரிது.

கனடிய அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பர்க் இத்துறையின் அடிப்படையையே வினவினார். வியூகம் எப்போதும் தலைமையகத்தில் வகுக்கப்பட்டுக் கீழே இறங்குவதில்லை. செயலில் ஈடுபட்டோரின் அனுபவத்திலிருந்தும் அது படிப்படியாக உருவாகிறது என்பது அவர் கருத்து. இதற்கு டைட்டன் நிறுவனத்தின் நகைத் தொழில் தக்க எடுத்துக்காட்டு. 1990-களில் தனிஷ்க் என்ற பெயரில் தொடங்கிய அம்முயற்சி, பதினெட்டுக் காரட் நகைகளை முதன்மைப்படுத்தியதால் முதலில் இழப்பைச் சந்தித்தது. இந்தியக் குடும்பங்கள் நாடியது இருபத்திரண்டு காரட் தங்கம். நிறுவனம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. தங்கத்தின் தரத்தை வாங்குவோர் கண்முன்னேயே சோதித்துக் காட்டும் கருவியைக் கடைகளில் வைத்தது. தாம் வாங்கிய நகையின் தரம் பற்றி மக்கள் மனத்தில் நெடுங்காலமாக இருந்த ஐயமே புதிய வியூகத்திற்கு அடிப்படையாயிற்று. இன்று அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி நகைத் தொழிலிலிருந்து கிடைக்கிறது. முதலில் எழுதிய திட்டத்தில் இப்பாதை இல்லை. தவற்றிலிருந்து கற்கும் மனப்பாங்கு இருந்தது.

ஆனந்தும் மதுரையும்

வியூகம் என்பது இலாபம் தேடும் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. வளர்ச்சித் துறையில் அதன் சிறப்பை உணர்த்த இரு சான்றுகள் போதும்.

குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946-ஆம் ஆண்டு டிசம்பரில் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் படேலின் தலைமையும் வர்கீஸ் குரியனின் நிர்வாகமும் அதனை வளர்த்தன. அதன் அடிப்படைத் தேர்வு தெளிவானது. பால் கறப்பவரே பால் பதப்படுத்தும் ஆலைக்கும் விற்பனைக்கும் உடைமையாளராக இருத்தல் வேண்டும்; அவர்கள் கொண்டுவரும் பாலைச் சங்கம் மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும். இத்தேர்விலிருந்து மற்ற முடிவுகள் கிளைத்தன. மழைக்குப்பின் பால் பெருகும் பருவத்தில் மிகுதியை என் செய்வது? எருமைப் பாலிலிருந்து பால்மாவு செய்ய இயலாது என்று வெளிநாட்டு வல்லுநர் கருதிய காலத்தில், எச். எம். தலாயாவின் தொழில்நுட்பத் திறனால் அது செய்து காட்டப்பட்டது. 1965-இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் அமைந்தது. 1970 முதல் 1996 வரை நடைபெற்ற ‘வெள்ளப் பெருக்குத் திட்டம்’ இம்முறையை நாடெங்கும் பரப்பியது. நாட்டின் பால் உற்பத்தி உலகில் முதலிடம் பெறுவதற்கு அது வழிகோலியது. 1979-இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக்கெனத் தனிக் கல்வி நிறுவனம் தோன்றியதும் இவ்வனுபவத்தின் பயனே.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மற்றொரு சான்று. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது நோக்கம். எல்லா நோய்களுக்கும் மருத்துவம் செய்ய முற்படாமல், கண் புரை அறுவையில் கவனம் குவிந்தது. மருத்துவர் செய்யவேண்டியதை மட்டும் மருத்துவர் செய்தனர். மற்றப் பணிகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் ஏற்றனர். பணம் செலுத்த இயன்றோரிடம் பெற்ற வருவாய், இயலாதோரின் சிகிச்சைக்குத் துணையாயிற்று. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் இறக்குமதி விலை தடையாக இருந்தபோது, 1992-இல் அதனை உற்பத்தி செய்யும் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்டது. நோக்கம், பணிப் பங்கீடு, கட்டணம், வில்லை உற்பத்தி ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இதன் சிறப்பு. ஒன்றை மட்டும் நகல் எடுப்போர்க்கு முழுப் பயன் கிட்டாது. 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இம்மருத்துவமனையைப் பற்றி நேர்வாய்வு ஒன்றை வெளியிட்டது. பிரகலாதும் 2004-ஆம் ஆண்டு நூலில் இதனை விரிவாகக் காட்டினார்.

அரசுப் பணியில் வியூகம்

திட்டமிடுதலில் நெடிய அனுபவம் உள்ள நாட்டில் வியூகம் எதற்கு என அலுவலர் வினவலாம். திட்டம் வளங்களைப் பகிர்ந்தளிக்கிறது. வியூகம் எதற்கு முதலிடம், எது காத்திருக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், மகலனோபிசின் கருத்தைத் தழுவிக் கனரகத் தொழில்களுக்கு முதன்மை அளித்தது. அது ஒரு வியூகத் தேர்வு. 1960–61-இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம், நீர்வளமும் உறுதியான விளைச்சலும் உள்ள ஏழு மாவட்டங்களை முதலில் தேர்ந்தெடுத்தது. தஞ்சாவூர் அவற்றுள் ஒன்று. பின்னர் வந்த பசுமைப் புரட்சிக்கும் இதே அணுகுமுறை வழிவகுத்தது. உணவுப் பற்றாக்குறை நீங்கியது. அதே வேளையில் மானாவாரி நிலங்களின் உழவர்கள் பின்தங்க நேர்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. தேர்வு என்றால் யாரோ ஒருவர் காத்திருக்கிறார் என்று பொருள். அவர் யார், எவ்வளவு காலம் காத்திருப்பார், அதற்கு ஈடு என்ன என்பனவற்றை வெளிப்படையாகச் சொல்வது அரசின் வியூகத்திற்குரிய அறம். தனியார் நிறுவனத்தின் வியூகத்தினின்று அது வேறுபடும் இடமும் இதுவே.

பொதுத்துறை நிறுவனங்களின் இடர்ப்பாடும் இங்கேதான் விளங்குகிறது. இலாபம், வேலைவாய்ப்பு, பின்தங்கிய பகுதிகளின் வளர்ச்சி, குறைந்த விலை என நான்கு நோக்கங்களும் ஒருசேர விதிக்கப்படுகின்றன; எது முதன்மை எனக் கூறப்படுவதில்லை. சீநகரிலும் குமாவுன் மலையடிவாரத்து இராணிபாகிலும் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலைகள் எழுந்தமைக்கு நாட்டு நலன் சார்ந்த காரணங்கள் இருந்தன. அவற்றுக்குரிய செலவை யார் ஏற்பது என்பது தெளிவுபடாதபோது, சுமை முழுவதும் நிறுவனத்தின் கணக்கிலேயே ஏறுகிறது. 1984-இல் அளிக்கப்பட்ட அர்ஜுன் சென்குப்தா குழுவின் அறிக்கையும், அதன்பின் 1980-களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்த புரிந்துணர்வு ஒப்பந்த முறையும், 1997-இல் தொடங்கிய நவரத்தினத் தகுதியும், நோக்கத்தைத் தெளிவாக்கி அதிகாரத்தைக் கீழே வழங்குவதற்கான முயற்சிகள். இவை ஏன் தேவைப்பட்டன என்பதை வியூக மேலாண்மை கற்ற அலுவலர் எளிதில் உணர்வார்.

களையவேண்டிய குறைகள்

இக்கல்வியின் குறைகளையும் கூறியாக வேண்டும். முதலாவது, பயில்வோரின் அனுபவமின்மை. இருபத்திரண்டு வயது மாணவர் ஒரு நிறுவனத் தலைவரின் இடத்தில் தம்மை வைத்துப் பேசுகையில், தொழிலாளர் ஒருவரிடம் அவர் பழகிய வேலை முடிந்துவிட்டது என்று சொல்வதன் கடுமையை அறிந்திருப்பதில்லை. தாளில் எளிதாகத் தோன்றும் முடிவு தொழிற்கூடத்தில் எளிதன்று.

இரண்டாவது, எடுத்துக்காட்டுகளின் அயன்மை. அமெரிக்க நிறுவனங்களின் வரலாறுகளை நுட்பமாக அறிந்த மாணவர், தம் மாவட்டத்தின் கூட்டுறவு நூற்பாலை ஏன் மூடப்பட்டது என்பதை அறியாதிருப்பது பொருத்தமன்று. வெற்றி பெற்ற நிறுவனங்களைப் பற்றியே பெரிதும் எழுதப்படுவதும் ஒரு குறை. தோல்வியுற்ற நிறுவனத்தின் கோப்புகளில் கற்பதற்கு நிறைய உண்டு. அவற்றைத் திறந்து காட்ட அரசுத் துறைகள் முன்வருதல் வேண்டும்.

மூன்றாவது, நோக்கத்தை வினவாமை. எவ்வாறு வெல்வது என்பதைக் கற்பிக்கும் பாடம், எதற்காக வெல்வது என்பதை ஒரு மணி நேர விவாதத்தில் முடித்துவிடுகிறது.

இக்குறைகளுக்குத் தீர்வு காண முயன்றோரும் நம் நாட்டில் உண்டு. அகமதாபாத் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநராக விளங்கிய ரவி மத்தாய், 1972-இல் தம் பொறுப்பைத் தாமே விட்டு விலகி ஆசிரியராகத் தொடர்ந்தார். 1970-களின் நடுப்பகுதியில் இராஜஸ்தானின் ஜவாஜா பகுதிக்குச் சென்று, வறட்சியால் வாடிய மக்களிடையே தோல் வேலை, நெசவு ஆகிய தொழில்களை அம்மக்களே நிர்வகிக்கும் முயற்சியில் இறங்கினார். மேலாண்மை அறிவு பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியதா என்ற வினாவிற்கு அவர் அளித்த விடை அது. 2002-இல் பெங்களூர்க் கழகத்தில் அரசு அலுவலர்க்கெனப் பொதுக்கொள்கை, மேலாண்மைப் படிப்பு தொடங்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. பல்லாண்டு களப்பணி ஆற்றியோர் வகுப்பில் அமரும்போது விவாதத்தின் தரம் உயர்கிறது. ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவமேனும் ஒரு பொதுத்துறை நிறுவனத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மாவட்ட மருத்துவமனையிலோ தங்கி, அங்கு எடுக்கப்பட்ட ஒரு முடிவின் வரலாற்றை எழுதுவாராயின் அனுபவக் குறையும் எடுத்துக்காட்டுக் குறையும் ஒருங்கே நீங்கும். அவ்வரலாறுகள் இந்திய மொழிகளிலும் வெளிவருதல் வேண்டும்.

முடிவுரை

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆராய்ந்து செயலில் இறங்குவது, தன் வலியும் மாற்றான் வலியும் அறிவது, காலத்தையும் இடத்தையும் தேர்வது என்னும் இவ்வரிசையில் இன்றைய பாடத்திட்டத்தின் எலும்புக்கூட்டைக் காணலாம். எனவே தமிழ் படித்தவர்க்கு இக்கல்வியின் கருத்துகள் அயலானவை அல்ல. புதியவை அதன் கருவிகளும் பயிற்சி முறையும்தான்.

இப்பாடத்தில் தேர்ச்சி பெற்ற மாணவரிடம் மூன்று பழக்கங்கள் எஞ்சி நிற்குமானால் கல்வி பயனுற்றது எனலாம். எந்நிறுவனத்தில் பணியேற்றாலும் ‘நம் பணி உண்மையில் யாருக்கு, எதற்கு’ என்று கேட்பது ஒன்று. புதிய பணி ஒன்றை ஏற்கும்போது, அதற்காக எதை விடப்போகிறோம் என்பதையும் கோப்பில் எழுதுவது இரண்டு. இன்று நன்றாக நடக்கும் ஒன்று நாளையும் நடக்குமா என்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஐயுற்று ஆராய்வது மூன்று.

பழைய எச்.எம்.டி. கடிகாரங்கள் பல இன்றும் பல வீடுகளில் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்த கைகளில் குறையில்லை. காலம் காட்டும் கருவியைச் செம்மையாகச் செய்த நிறுவனம், மாறிவந்த காலத்தைக் காணத் தவறியது. அத்தகைய தவறு இன்னொரு நிறுவனத்திற்கு நேராமல் காப்பது, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களிடமும், கோப்பில் கையொப்பமிடும் அலுவலர்களிடமும் இருக்கிறது.